நாங்கள் போட்டோஷொப் தேடிப் படித்த காலம்

கல்முனை ஸ்டூடியோவிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள் என் மச்சி. அபாயாவைக்கூடக் கழற்றாமல், கையிலிருந்த கடித உறையை மேசையில் போட்டுவிட்டு, "பாரு புள்ள, இது ஆரெண்டு சொல்லு" என்றாள்.

உறைக்குள் ஒரு புதுப் போட்டோ இருந்தது. நீலத் திரைக்கு முன்னால் ஒரு பெண். சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை முகம், சிவந்த உதடு, ஒரு கோடுகூட இல்லாத கன்னம். தலையில் போட்டிருந்த முந்தானை கழுத்துக்கு மேலே ஒரு நிறமாகவும் கழுத்துக்குக் கீழே வேறொரு நிறமாகவும் இருந்தது.

"மாமியா?" என்று கேட்டேன். எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது.

"ஸ்டூடியோக்காரர் அப்படித்தான் சொல்றார்."

சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதுவிட்டாள்.

மாமி என் வாப்பாவின் தங்கச்சி, மச்சியின் உம்மா. சுனாமியில் மௌத்தானவர். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் கடற்கரையை ஒட்டி இருந்த அவர்களுடைய வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியது. மச்சி அப்போது சின்னப் பிள்ளை. அன்று காலையில் தற்செயலாக எங்கள் வீட்டில் இருந்ததால் தப்பினாள். மாமா தொழிலுக்குத் தேவையான வலை வாங்க வெளியூர் போயிருந்தார். பிறகு அவர்களுக்கு வயல் பக்கம் கட்டிய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. மாமா மறுகலியாணம் முடிக்கவில்லை. மச்சி பாதி நாள் அங்கேயும் பாதி நாள் எங்களோடும் வளர்ந்தாள்.

மாமியின் போட்டோ என்று உலகத்தில் இருந்தது ஒன்றுதான். உறவுக்காரர் ஒருவரின் கலியாண வீட்டில் எடுத்தது. அந்த அல்பமும் தண்ணீரில் ஊறியதுதான். வெயிலில் காயவைத்துப் பிரித்தபோது இந்த ஒரு படம் மட்டும் கிழியாமல் வந்ததாம். மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று மாமி எதற்கோ சிரிக்கிறார். வலப்பக்க முகம் தெளிவாக இருக்கும். இடது கண் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் கரைந்து ஓடியிருக்கும். அதைத் துடைத்துத் தரச் சொல்லித்தான் மச்சி ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனாள். அவர்களும் பாவம், தங்களுக்குத் தெரிந்த வகையில் அழகாக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

முகம் கழுவிவிட்டு வந்து மச்சி சொன்னாள்: "இனி நானே படிச்சி நானே செய்யப் போறன். உன்ட லப்டொப்ப எடு."

அந்த மடிக்கணினி கட்டாரில் இருந்த, என் கூடப்பிறந்த காக்கா லீவில் வந்தபோது எனக்குத் தந்துவிட்டுப் போனது. அதில் போட்டோஷொப் இருந்தது. நான் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக இருவரும் சும்மா இருந்த காலம் அது. திறந்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய வெறும் திரை வந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னப் படங்கள்: ஒரு கை, ஒரு தூரிகை, ஒரு துளி தண்ணீர், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். மச்சி பிளாஸ்டரை அழுத்தினாள். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெட்டி வந்து கேள்வி கேட்டது. இருவரும் பயந்து மூடிவிட்டோம்.

"ஆராவது சொல்லித்தராம இது சரிவராது கா" என்றேன்.

அப்படித்தான் தேடத் தொடங்கினோம்.

முதலில் போனது கல்முனையில் ஒரு கொம்பியூட்டர் வகுப்புக்கு. மாடிப்படியில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் போட்டோஷொப் என்று பெரிய எழுத்தில் இருந்தது. மேலே இருந்த சேர் நல்ல மனிதர். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, பாடத்திட்டத்தை விளக்கினார். முதலில் டைப்பிங், பிறகு கடிதம் எழுதுவது, பிறகு அட்டவணை போடுவது, எல்லாம் முடிந்து கடைசியில்தான் போட்டோ.

"சேர், எங்களுக்கு அந்தக் கடைசிப் பாடம் மட்டும் போதும்" என்றாள் மச்சி.

அவர் சிரித்துவிட்டார். "தங்கச்சி, அந்தப் பாடம் நடத்தின சேர் போன மாசம் சவூதிக்குப் போயிட்டார். நீங்க மத்தப் பாடங்கள முடிக்கிற நேரம் ஆராவது வந்திருவாங்க, இன்ஷா அல்லாஹ்."

படியிறங்கி வரும்போது மச்சி அந்த விளம்பரத்தை இன்னொருமுறை பார்த்தாள்.

அடுத்தது புத்தகம். பஸ் நிலையத்துப் பக்கம் உள்ள புத்தகக் கடையில், சமையல் புத்தகங்களுக்கும் கனவுப் பலன் புத்தகங்களுக்கும் நடுவில் ஒன்று கிடைத்தது. தமிழில் இருந்தது. சென்னையில் அச்சானது. வீட்டுக்கு ஓடிவந்து திறந்தால் உள்ளே எல்லாப் படமும் கறுப்பு வெள்ளை. 'படத்தில் காட்டியுள்ளபடி சிவப்பு நிறம் பச்சையாக மாறுவதைக் காணலாம்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பூவும் பக்கத்தில் இன்னொரு சாம்பல் நிறப் பூவும் இருக்கும். நாங்கள் புத்தகத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டுக்கும் வித்தியாசம் தேடிச் சிரித்த சிரிப்பில் உம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்தப் புத்தகத்தை எழுதியவருக்குத் தமிழ்ப்பற்று அதிகம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தமிழ்ப் பெயர் வைத்திருந்தார். 'மாயக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள்' என்பார். எங்கள் திரையில் எல்லாம் ஆங்கிலம். மாயக்கோல் எது என்று கண்டுபிடிக்கவே ஒரு பின்னேரம் போய்விடும். கண்டுபிடித்தாலும் அது அவர் சொன்ன இடத்தில் இருக்காது. அவர் படித்தது பழைய போட்டோஷொப், எங்களிடம் இருந்தது புதியது.

ஆனாலும் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு விஷயம் பிடிபட்டது. அதை அவர் 'அடுக்கு' என்று எழுதியிருந்தார். ஒரு படத்துக்கு மேல் இன்னொரு அடுக்கு வைத்து, செய்வதையெல்லாம் மேலடுக்கில் செய்யலாம், கீழே இருக்கும் படம் கெடாது என்றார். மச்சிக்கு அது விளங்கவில்லை. நான் எங்கள் சாப்பாட்டு மேசையைக் காட்டினேன். உம்மா தன் பூவேலை போட்ட மேசை விரிப்புக்கு மேல், தெளிவான பிளாஸ்டிக் ஒன்றை விரித்திருப்பார். "ஆணம் ஊத்துப்பட்டா பிளாஸ்டிக்குலதானே படும், பூவுல படாதே. அதுதான்." மச்சி பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்து, திரும்பப் போட்டு, "ஓ" என்றாள். அதற்குப் பிறகு எங்களுக்கு எந்த அடுக்கும் பிளாஸ்டிக்தான். 'இன்னொரு பிளாஸ்டிக் போடு', 'மேல் பிளாஸ்டிக்க மூடு' என்றுதான் கதைப்போம்.

அதன் பிறகு யூடியூப். வைஃபை எல்லாம் அப்போது எங்கள் பக்கத்து வீடுகளில் இல்லை. டொங்கிள் ஒன்றைச் செருகித்தான் இணையம். அதற்கும் எங்கள் வீட்டில் பின்வாசல் கதவடியில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும். அங்கே ஒரு வாங்கைப் போட்டு, அதில் உட்கார்ந்து, மடிக்கணினியை மடியிலேயே வைத்துக்கொண்டு, இருவரும் ஒரே இயர்போனின் ஆளுக்கொரு பக்கத்தைக் காதில் செருகிக்கொண்டு இருப்போம். ஒழுங்கைத் தலைப்புக் கடையில் ரீலோட் போட்ட டேட்டா, தண்ணீர்போல் ஓடிவிடும். ஆங்கில வீடியோக்காரர்கள் மூச்சு விடாமல் கதைத்தார்கள். ஹிந்தியில் ஒருவர் மிக நன்றாகச் சொல்லிக்கொடுத்தார் என்று நினைக்கிறேன்; எங்களுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. தமிழ்நாட்டு அண்ணன் ஒருவர் நண்பர்களே, உறவுகளே என்று எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, தன் பழைய வீடியோக்களைப் பற்றிச் சொல்லி, பாடத்துக்கு வரும்போது டேட்டா முடிந்திருக்கும். சிங்களத்தில் ஒருவரிடம் நிறங்களின் பெயரெல்லாம் படித்துக்கொண்டோம். அவர் சொல்லிக்கொடுத்தது கலியாண அட்டைக்கு எழுத்துப் போடுவது.

அப்படி அலைந்துகொண்டிருந்த ஒருநாள்தான் அந்தச் சத்தமில்லாத வீடியோ அகப்பட்டது.

பழைய போட்டோவைத் திருத்துவது எப்படி என்று தலைப்பு. குரல் இல்லை, பாட்டும் இல்லை. இயர்போன் பழுதாகிவிட்டது என்று நினைத்து மச்சி வயரை முறுக்கிப் பார்த்தாள். பழுதில்லை. திரையில் அம்புக்குறி மட்டும் நகர்ந்தது. நடுநடுவே ஒரு வெள்ளைப் பக்கம் திறந்து, அதில் ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது. இப்போது சின்னத் தூரிகை எடுங்கள். அவசரப்பட வேண்டாம். முதலில் பிரதி எடுங்கள், அசல் படத்தைத் தொடவே வேண்டாம். எல்லாம் சின்னச் சின்ன ஆங்கில வசனங்கள். பள்ளிக்கூட ஆங்கிலமே போதுமாக இருந்தது. எழுத்துப் பிழைவிட்டால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினார் அந்த ஆள். அந்த நேரத்துக்குள் நாங்களும் வாசித்து முடித்துவிடுவோம். பிறகு அம்புக்குறி மெதுவாகப் போய், அந்தப் பிளாஸ்டர் படத்தை அழுத்தி, ஒரு பழைய சுவர்ப் படத்திலிருந்த கறையைத் தொட்டது. கறை போய்விட்டது.

"யா அல்லாஹ்" என்றாள் மச்சி.

அன்றிலிருந்து எங்களுக்கு அந்த ஆள்தான் சேர். சத்தமில்லாதவர் என்று பெயர் வைத்தோம். ரஷ்யாவிலோ எங்கோ இருக்கும் ஒரு வயதான மனிதர் என்பது என் எண்ணம். மச்சி ஒப்புக்கொள்ளவில்லை. "இல்ல புள்ள, இது பொம்புளதான். பாரு, எவ்வளவு பொறுமையாத் துடைக்கிற." உம்மா எங்களைக் கடந்து போகும்போது, "என்ன புள்ளயள், ஊமப் படமா பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அவருடைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பார்த்ததையெல்லாம் அன்றே செய்து பார்க்க வேண்டும். என் அடையாள அட்டைப் போட்டோவிலிருந்த பருக்களை மச்சி ஒவ்வொன்றாக எடுத்தாள். அயல் வீட்டு ஆட்டுக்கு நான் நீல நிறம் அடித்தேன். எங்கள் வீட்டுச் சேவலைக் கல்முனை மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு மேல் ஏற்றிவைத்தோம். அதைப் பார்க்க அயலில் இருந்த பெண்களெல்லாம் வந்தார்கள். ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து வாங்கியிருந்த மாமியின் படத்தை மட்டும் மச்சி திறக்கவில்லை. "கை பழகட்டும்" என்பாள்.

ஒருநாள் காலை, வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது மச்சி திடீரென்று அதை நிறுத்தினாள். சத்தமில்லாதவர் ஒரு படத்தைத் திறப்பதற்காகத் தன் கணினியில் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. திரையில் வரிசையாகக் கோப்புறைகள். அதில் ஒன்றின் பெயரில் விரலை வைத்தாள். ஆங்கில எழுத்தில் 'அக்கா கலியாணம் காரைதீவு' என்று இருந்தது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். காரைதீவு எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். எங்கள் ஊர் முடிகிற இடத்தில் அது தொடங்குகிறது. ரஷ்யா என்று நான் வைத்திருந்த ஆள் ஓட்டோவில் ஏறினால் உடனே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்.

மச்சி வீடியோவுக்குக் கீழே தமிழில் எழுதினாள்: 'நீங்கள் காரைதீவா?'

மறுநாள் பதில் வந்திருந்தது. 'ஓம். நீங்க?'

வீட்டு விலாசத்தையும் வாங்கிக்கொண்டு உம்மாவிடம் கேட்டபோது, "ஆரெண்டும் தெரியாத ஆக்கள்ற வீட்டுக்குக் குமருகள் தனியாப் போறதா?" என்றார். பிறகு, "நானும் வாறன்" என்றார். அவருக்கும் ஊமைப் படக்காரரைப் பார்க்க ஆசை இருந்திருக்க வேண்டும்.

காரைதீவில் அந்த வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தவருக்கு எங்களைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். நெற்றியில் திருநீறு, கையில் பால்போத்தல். மச்சி என் கையைக் கிள்ளினாள். அவள் சொன்னதுதான் சரி.

"வாங்க வாங்க, இரிங்க. நீங்கதானா அந்தக் கொமென்ட் போட்ட? நான் சிரிச்ச சிரிப்பு! வெளிநாட்டு ஆக்கள்தான் பார்ப்பாங்க எண்டு இங்கிலீசில கஷ்டப்பட்டு எழுதிட்டு இரிக்கன்."

கலியாணத்துக்கு முதல் மட்டக்களப்பில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தவராம். பிள்ளை கிடைத்த பிறகு வீட்டிலிருந்தே கலியாண அல்பம் செய்து கொடுக்கிறார். முன்பு கூட வேலை செய்தவர்கள் அடிக்கடி போன் எடுத்துச் சந்தேகம் கேட்பதால், திரையை அப்படியே பதிவு செய்து போட்டுவிடலாம் என்று தொடங்கியதுதான் அந்த வீடியோக்கள். கீழே வந்த கருத்தெல்லாம் வெளிநாட்டவர்களுடையதாக இருக்கவே ஆங்கிலத்துக்கு மாறினாராம்.

மச்சியால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, ஏன் நீங்க கதைக்கிறல்ல?" என்று கேட்டாள். பிள்ளை தூங்குவதாலா, மாமியார் வீட்டில் சங்கடமா, குரலை வெளியே விட விருப்பமில்லையா என்று நாங்கள் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தோம்.

"மைக் வேலை செய்யல்ல பிள்ள" என்றார் அக்கா. "திருத்தக் குடுக்க வேணும் குடுக்க வேணும் எண்டு நாள் போயிட்டு."

உள்ளே உம்மாவும் அந்த வீட்டு அம்மாவும் கதையில் மூழ்கிப்போயிருந்தார்கள். அக்காவின் மாமியார் அவர். என்னையும் அவருடைய இளைய மகனையும் ஒரே காலத்தில், கல்முனை ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் பெற்றிருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அங்கே இருந்த ஒரு மிட்வைஃப்பின் கோபத்தைப் பற்றி இருவரும் மாறி மாறிச் சொல்லிச் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது.

மச்சி கைப்பையிலிருந்து மாமியின் போட்டோவை எடுத்தாள். அக்கா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. மச்சியின் முகத்திலேயே அது இருந்தது.

"கறை, கீறல், மங்கினது எல்லாம் நீங்களே எடுப்பீங்க" என்றார். "கண்தான்... இந்தப் பக்கத்துக் கண்ணப் பிரதி எடுத்து மற்றப் பக்கம் திருப்பிப் போட்டா ஒரு கண் வரும். ஆனா அது உங்கட உம்மாட கண்ணா இரிக்குமா எண்டு எனக்குச் சொல்லத் தெரியா. ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி ஆருக்கும் இல்ல. அவவ நல்லாத் தெரிஞ்ச ஒராளப் பக்கத்தில வச்சிக்கொண்டு செய்யுங்க."

திரும்பி வரும்போது ஓட்டோவில் மச்சி அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு மாமியின் குரல் ஞாபகம் இருந்தது, கையின் வாசம் ஞாபகம் இருந்தது. கண் ஞாபகம் இல்லை. நல்லாத் தெரிந்த ஒராள் என்றால் மாமாதான். ஆனால் மாமா மாமியைப் பற்றிக் கதைத்து நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். மச்சி சின்ன வயதில் ஓரிருமுறை கேட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டாள்.

"வாப்பாக்கிட்டக் கேக்க ஏலா" என்றாள் வீட்டுக்கு வந்து.

படத்தை வேலை செய்யத் தொடங்கினோம். அசலை அடியில் வைத்து, மேலே பிளாஸ்டிக் போட்டு, சின்னத் தூரிகையால் தொட்டுத் தொட்டுப் போனோம். மச்சி களைத்தால் நான், நான் களைத்தால் மச்சி. முந்தானையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. காதில் சின்னதாக ஒரு தோடு இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. மணப்பெண்ணையும் கூட்டத்தையும் விட்டு மாமியை மட்டும் தனியாக எடுத்தோம். பின்னால் கிடந்த பிளாஸ்டிக் கதிரை, யாருடையதோ முழங்கை, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பிள்ளையின் கை, எல்லாவற்றையும் வீடியோவில் காட்டியபடி அழித்தோம். பின்னணி சுத்தமானது. கண் மட்டும் மிச்சம்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து மாமா பகல் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அந்த வெள்ளிக்கிழமை அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்காரும்போது, மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. மச்சி அதை மூடத்தான் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரையை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

"வாப்பா, உம்மாட இடது கண் எப்படி இரிக்கும்?"

மாமா திரையைப் பார்த்தார். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். எழுந்து போகப்போகிறார் என்று நான் நினைத்தேன். உம்மா சோற்றுக் கோப்பையோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்.

மாமா கதிரையை இழுத்து இன்னும் கிட்டப் போட்டுக்கொண்டார்.

"சிரிக்கிறா இதுல" என்றார். திரையில் இடது கண் இருந்த இடத்தைத் தொட்டு, "சிரிச்சா இடது கண் சின்னனாப் போகும். வலது கண் அப்படியில்ல" என்றார்.

மச்சி வலது கண்ணைப் பிரதி எடுத்து, திருப்பி, இடப்பக்கம் வைத்தாள். கொஞ்சம் சிறிதாக்கினாள்.

"இன்னும்."

இன்னும் சிறிதாக்கினாள்.

"மேல் இமையில்ல மகள். கீழ்ப்பக்கம் மேல வந்து மூடும். இப்படி." தன் விரலால் தன் கண்ணின் கீழ் இமையை மேலே தள்ளிக் காட்டினார். மச்சி அவருடைய கண்ணைப் பார்ப்பதும் திரையைப் பார்ப்பதுமாகச் செய்தாள். நான் மௌஸை வாங்கப் போனேன், தரவில்லை. மாமா "கொஞ்சம் உள்ள", "கூடிப்போச்சு", "பழையபடி வை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கிழிந்த வலை பொத்துகிற ஆளுக்குள்ள பொறுமை. சோறு ஆறிப்போனது. யாரும் அவசரப்படவில்லை.

கடைசியில் ஒரு இடத்தில் மாமா, "ஆ" என்றார். அவ்வளவுதான். மச்சி மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

திரையில் மாமி எங்களைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சிரிப்போடு அவர் எங்கள் வாசலுக்குள் வருவது, வாப்பாவைக் கேலி பண்ணுவது, எல்லாம்.

மாமா இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கை எங்க?" என்று கேட்டார். முகத்தில் ஒரு பதற்றம்.

"என்ன கை வாப்பா?"

"முந்தானையப் புடிச்சிட்டு ஒரு கை இரிந்திச்சே இந்தப் பக்கம்."

"ஆரோ ஒரு சின்னப் புள்ளட கை. தேவயில்ல எண்டு அழிச்சம்."

"ஆரோ ஒரு புள்ளயா?" மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீதானே அது. நான் இந்தப் பக்கம் நிண்டு வா வா எண்டு கூப்பிடுறன், நீ உம்மாட முந்தானைய விடமாட்டன் எண்டு புடிச்சிட்டு நிக்கிறாய். அந்த நேரத்திலதான் படம் எடுத்த. அதப் பார்த்துத்தான் அவ சிரிக்கிறா."

மச்சி மௌஸை எடுத்தாள். மேலிருந்த பிளாஸ்டிக்கை மூடினாள். அடியில் அசல் இருந்தது. சத்தமில்லாத அக்கா முதல் வீடியோவிலேயே எழுதிக் காட்டியதை நாங்கள் மீறியிருக்கவில்லை. அந்தக் கை அப்படியே இருந்தது. கறை படிந்து, பாதி மங்கி, விரல்கள் சீலையை இறுக்கிப் பிடித்தபடி.

அன்று சாப்பிட்டு முடிந்ததும் உட்கார்ந்தவள், பின்னேரம் அசர் பாங்கு சொல்லும்வரை அந்தக் கையை மட்டும் திருத்தினாள். எனக்குத் தரவேயில்லை. ஒவ்வொரு நகத்தையும் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

அச்சுப் போட அதே ஸ்டூடியோவுக்குத்தான் கொண்டுபோனோம். வேறு இடம் எங்களுக்குத் தெரியாது. ஸ்டூடியோக்காரர் தன் கணினியில் படத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "நல்லாரிக்கே, ஆரு செஞ்ச?" என்று கேட்டார்.

"நாந்தான்" என்றாள் மச்சி.

"கண் ரெண்டும் ஒரே அளவில்லையே தங்கச்சி, சரிப்படுத்தி விடட்டா?"

"வேணாம் நானா. அவ அப்படித்தான்."

வீட்டுச் சுவரில் ஆட்களின் படம் மாட்டுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. மாமா அதைத் தன் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்தார். காலையில் சேர்ட் எடுக்கத் திறக்கும்போது பார்ப்பார் என்று மச்சி சொன்னாள்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. மச்சி கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போய்விட்டாள். அங்கே வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குப் பொருட்களின் படங்களைத் திருத்திக் கொடுக்கிறாள். நான் இங்கே பாடசாலை விழாப் பதாகைகளும் கலியாண அட்டைகளும் செய்கிறேன். காரைதீவு அக்காவோடு இப்போதும் தொடர்பு உண்டு. புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைகள் என்னிடம் எங்கே படிப்பது என்று கேட்கிறார்கள். போனைத் திறந்தால் தமிழிலேயே நூற்றுக்கணக்கில் வருகிறது. பழைய போட்டோவை ஒரு விரல் தட்டிலேயே புதுசாக்கித் தருகிற வசதியும் வந்துவிட்டது. நல்லதுதான். நான் அவர்களுக்கு நல்ல வீடியோக்களாகப் பார்த்து அனுப்பிவிடுவேன். அனுப்பிய பிறகு அந்தப் பின்வாசல் வாங்கு நினைவுக்கு வரும். மச்சியின் தலையும் என் தலையும் முட்டிக்கொண்டிருக்க, தெரியாத பாஷையில் யாரோ ஒருவர் சொல்வதை விளங்கிக்கொள்ளப் பாடுபட்ட அந்தக் காலைகள். ஒரு கறையை எடுக்கத் தெரிந்தவுடன் உலகத்தையே திருத்திவிடலாம் போலிருந்தது.

எனக்கு அதிகம் நினைவுக்கு வருவது அதற்குப் பிந்திய வெள்ளிக்கிழமைகள்தான். மாமா கதைக்கத் தொடங்கிவிட்டார். முதலில் ஒரு வசனம், இரண்டு வசனம். பிறகு சாப்பாட்டுக்கு நடுவில் தானாகவே ஆரம்பிப்பார். கலியாணம் முடித்த புதிதில் மாமி கரைக்குப் போய் ஒரு அறுக்குளா மீனுக்காக யாரோ ஒருவரோடு பெரிய சண்டை பிடித்தாராம். பழைய மீனைத் தலையில் கட்டுகிறாய் என்று ஏசிவிட்டு வந்தாராம். பின்னேரம் விருந்துக்கு வந்த மாமாவின் சாச்சாவைக் கண்டதும் அறைக்குள் ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாராம். காலையில் ஏச்சு வாங்கிய ஆள் அவர்தான். சொல்லும்போதே மாமாவுக்குச் சிரிப்பு வந்து, சோற்றுக் கையோடு அப்படியே இருந்துவிட்டார். உம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"மறுகா?" என்று கேட்டாள் மச்சி, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு.

"மறுகா என்ன, கதவத் திறக்கச் சொல்லி நான் பட்ட பாடு" என்று மாமா தொடர்ந்து சொல்லத் தொடங்கினார்.